நடுவில் விட்டுப்போன வாரம்

நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒருத்தி கேட்டிருந்தாள். பேரனுக்கு அரைப்பரீட்சை லீவு வருகிறதாம். பையன் விண்வெளிக் கதை என்றால் சோறு தண்ணி மறந்துவிடுகிறானாம். அவனுக்கு என்ன வாங்கித் தரலாம் என்று கேட்டாள். உடனே ஆளாளுக்கு ஒன்று போட்டீர்கள். பேசும் ரோபோ, கூரையில் நட்சத்திரம் காட்டும் விளக்கு, ராக்கெட் படம் போட்ட பனியன், சின்னத் தொலைநோக்கி. நான் மட்டும் ஒன்றும் போடவில்லை. இரண்டு வரி தட்டிப் பார்த்துவிட்டு அழித்துவிட்டேன்.

அந்த மாதிரிக் கதைப் பைத்தியம் ஒருவருக்குப் பண்டிகைப் பரிசு தேடிக் கொடுத்த அனுபவம் எனக்கு உண்டு. நான் உங்களோடு திருவள்ளூரில் எட்டாம் வகுப்பில் வந்து சேருவதற்கு முந்தின வருஷம் அது நடந்தது. அந்த ஒரு வருஷம் நாங்கள் கும்மிடிப்பூண்டியில் இருந்தோம். அதைப் பற்றி உங்களிடம் நான் பேசியதே இல்லை. பேசுவதற்கு அதில் ஆட்கள் குறைவு.

எங்களுக்கு ஊத்துக்கோட்டைப் பக்கம். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். தொழிற்பேட்டையில் அப்போதுதான் ஒவ்வொரு ஆலையாக வந்துகொண்டிருந்தது. இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் நைனாவுக்கு ஃபிட்டர் வேலை கிடைத்தது. நைனா, அம்மா, கைக்குழந்தையாக இருந்த தம்பி, நான் எல்லோரும் ரயில் நிலையத்துக்குக் கிழக்கே ஒரு வீட்டின் பின்பக்கப் போர்ஷனில் குடியேறினோம். முன்பக்கத்தில் ஹவுஸ் ஓனர் அம்மா இருந்தார். மாடியில் ஒரே ஒரு அறை, மீதி மொட்டை மாடி. மாடிப்படி எங்கள் வாசலை ஒட்டித்தான் ஏறும்.

ஊரில் எங்கும் இரும்பு வாசனை அடித்தது. மழைக்கு முன்னால் வரும் மண் வாசனையைப் போல முதலில் நன்றாகத்தான் இருக்கும். பிறகு நாக்கில் ஒட்டிக்கொள்ளும். வெள்ளைச் சட்டையைக் கொடியில் போட்டால் சாயந்திரத்துக்குள் மிளகுத் தூள் தூவியது போல் ஆகிவிடும். ஆலைச் சங்கு ஊதும்போதெல்லாம் தம்பி அழுவான். அம்மாவுக்கு அவனைத் தூக்கி வைத்துக்கொள்ளவே பொழுது சரியாக இருந்தது. நான் பள்ளிக்கூடம் திறந்து ஒரு மாதம் கழித்துச் சேர்ந்த பெண் என்பதால் பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. தெலுங்கு பேசும் பிள்ளைகள் ஒரு பக்கம், பழவேற்காட்டு மீன்காரர் வீட்டுப் பிள்ளைகள் ஒரு பக்கம், எல்லோருக்கும் ஏற்கெனவே ஆள் இருந்தது. மத்தியானச் சாப்பாட்டைக் கொடிக்கம்பத்துக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிடுவேன். ஒருநாள் சத்தமாகப் பேச வேண்டி வந்தபோது தொண்டை கட்டிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து நான் யாரிடமும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

ஆவணியில் மாடிக்கு ஒரு புதுக் குடித்தனம் வந்தது. கணவர் நைனா வேலை செய்த அதே ஆலையில் ஷிஃப்ட் சூப்பர்வைசர், சேலத்துப் பக்கத்துக்காரர். நைனா அவரை சார் என்று கூப்பிட்டதால் எனக்கும் அவர் சார்தான். மனைவிக்குத் திருவள்ளூரை அடுத்த செவ்வாப்பேட்டை. ஆனியில் கல்யாணம் முடிந்து, ஆடிக்கு அம்மா வீட்டுக்குப் போய்விட்டு, அப்போதுதான் குடித்தனம் வைக்க வந்திருந்தாள். மெலிந்த உடம்பு, பெரிய கண்ணாடி. அந்தக் கண்ணாடியைப் பற்றித்தான் ஹவுஸ் ஓனர் அம்மா முதலில் பேசினார். பெண் பார்க்கப் போனபோது கழற்றி வைத்திருப்பார்கள் என்று அம்மாவிடம் சொன்னார்.

அவளை நான் அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தது ஒரு வடைக் காகிதத்தால். நைனா கேன்டீனிலிருந்து கொண்டுவந்த வடை சுற்றிய தாளில் ஒரு கதையின் நடுப்பக்கம் இருந்தது. வியாழன் கிரகத்தின் நிலவு ஒன்றில் மாட்டிக்கொண்ட இரண்டு பேர். எண்ணெய் ஊறி எழுத்தெல்லாம் கண்ணாடி போல் தெரிந்தது. அதை மாடிப்படியில் உட்கார்ந்து நாலாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தபோது மேலேயிருந்து குரல் வந்தது.

“அது முழுசா இருக்குதா?”

பாதிதான் என்றேன்.

“மீதி எங்கிட்ட இருக்குது. மேல வா. சத்தம் போடாம வா, அவரு தூங்கறாரு.”

அதற்குப் பிறகு நான் தினமும் மேலே போனேன். சாருக்குப் பெரும்பாலும் ராத்திரி ஷிஃப்ட். பகலெல்லாம் அறையில் தூங்குவார். அவர் தூக்கம் கெடக் கூடாது என்று அக்கா பாத்திரம் தேய்ப்பதுகூடத் துணி விரித்து அதன்மேல்தான். நாங்கள் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் பாய் போட்டு உட்கார்ந்து கிசுகிசுவென்று பேசுவோம். அவள் தகரப் பெட்டி நிறைய விஞ்ஞானக் கதைகளைக் கத்தரித்து வைத்திருந்தாள். கல்யாணத்துக்கு வந்த சீரில் அதுவும் ஒன்று என்று சிரிப்பாள். புடவைக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தாளாம்.

அந்தச் சமயம் ஒரு வாரப் பத்திரிகையில் தொடர்கதை ஒன்று வந்துகொண்டிருந்தது. சனிக் கிரகத்தையும் தாண்டிப் போகும் ஒரு கப்பல். பயணம் நீளம் என்பதால் எல்லோரையும் பெட்டிகளில் தூங்க வைத்திருப்பார்கள். ஒரே ஒரு பெண் மட்டும் விழித்திருந்து அவர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பஸ் நிலையத்துப் பெட்டிக்கடையில் நான் அந்த இதழை வாங்கிக்கொண்டு வருவேன். வழியில் பிரிக்கக் கூடாது என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். அக்கா படிப்பாள், நான் கேட்பேன். படித்து முடித்ததும் அடுத்த வாரம் என்ன நடக்கும் என்று நான் ஒன்று சொல்ல வேண்டும், அவள் ஒன்று சொல்ல வேண்டும். நான் சொல்வது ஒருபோதும் பலித்ததில்லை. ஆனாலும் அவள் நான் சொன்னதுதான் நன்றாக இருக்கிறது என்பாள்.

ஒருநாள் அந்தக் கப்பல்காரிக்கு எவ்வளவு கஷ்டம் என்று நான் சொன்னேன். அக்கா அறைக் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, “எனக்கும் அதே உத்தியோகம்தான். தூங்கறவர காவல் காத்துக்கினு இருக்கேன்” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்கும் சிரிப்பு வந்தது. எனக்குப் பன்னிரண்டு வயது.

பொழுது சாய்ந்ததும் நாங்கள் கைப்பிடிச் சுவர் ஓரமாக நிற்போம். இருட்ட ஆரம்பிக்கும் நேரத்தில் சில நாள் ஒரு சின்ன வெளிச்சம் வானத்தைக் குறுக்கே கடந்து போகும். மின்னாது, சத்தம் இருக்காது, நட்சத்திரம் ஒன்று வேலைக்குப் புறப்பட்டது போல நேராகப் போகும். மனிதர்கள் அனுப்பிய செயற்கைக்கோள் அது என்று அக்கா சொன்னாள். ஆலைகளின் ஆரஞ்சு வெளிச்சம் படியாத வடக்குப் பக்கமாகத்தான் அது தெரியும். அந்தப் பக்கச் சுவருக்குப் பின்னால் வெளியூர் ஒப்பந்தத் தொழிலாளிகள் தங்கியிருந்த கொட்டகை இருந்தது. வேலை முடிந்து வந்த ஆண்கள் அங்கே தொட்டியில் குளிப்பார்கள். எங்கள் கண் வானத்தில் இருந்ததால் அது எங்களுக்கு உறைக்கவில்லை.

எனக்குத் தெரிந்ததை வீட்டில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சாப்பிடும்போது ஒருநாள் சனிக்கு வளையம் இருக்கிறது, அதற்கு நிறைய நிலா இருக்கிறது என்று ஆரம்பித்தேன். அம்மாவின் முகம் மாறிவிட்டது. பொம்பளைப் பிள்ளை விளக்கு வைத்த நேரத்தில் சனியைப் பேர் சொல்லிப் பேசுகிறாளே என்று நைனாவிடம் புலம்பினாள். அந்தச் சனிக்கிழமையே என்னைக் கோயிலுக்கு அழைத்துப் போய் நவக்கிரகத்தை ஒன்பது சுற்றுச் சுற்ற வைத்து, எள் விளக்குப் போட்டாள். சுற்றும்போது ஒவ்வொரு சிலையாகப் பார்த்து, இது செவ்வாய், இது வியாழன் என்று சந்தோஷமாக எண்ணிக்கொண்டு வந்தேன். நான் பக்தியோடு முணுமுணுக்கிறேன் என்று நினைத்து அம்மாவுக்கு நிம்மதியாகிவிட்டது.

புரட்டாசியின் கடைசியில் ஒருநாள் குழாயடியில் ஹவுஸ் ஓனர் அம்மா அம்மாவிடம் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். நான் குடத்தோடு வந்ததும் நிறுத்திவிட்டார். வீட்டுக்கு வந்த பிறகு அம்மா என்னை இனிமேல் மாடிக்குப் போகாதே என்றாள். ராத்திரி அவள் நைனாவிடம் சொன்னது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்த என் காதில் விழுந்தது. மேல் வீட்டுப் பெண் தினமும் ஒரே நேரத்துக்குச் சுவரோரம் வந்து கொட்டகைப் பக்கமே பார்த்துக்கொண்டு நிற்கிறாளாம். துணைக்கு நம் பெண்ணை வைத்துக்கொள்கிறாளாம். நைனா, “பெரிய எடத்து விவகாரம், நமக்கு இன்னாத்துக்குப் பேஜாரு” என்று மட்டும் சொன்னார்.

வானத்தைத்தான் பார்த்தோம் என்று மறுநாள் அம்மாவிடம் சொன்னேன். வானத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டாள். நான் சொன்னேன். அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, என் கையில் ஒரு கறுப்புக் கயிறு கட்டினாள். அந்தப் பெண்ணுக்கு வேறு ஆண் பழக்கம் இல்லை, ஏதோ காற்று கறுப்பு சேஷ்டை என்று அம்மா முடிவு செய்தது அப்போதுதான். அம்மா அதைக் கருணையோடுதான் நினைத்தாள். கெட்ட பெயரிலிருந்து காப்பாற்ற அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அது.

ஹவுஸ் ஓனர் அம்மா சாரிடமும் சொல்லிவிட்டார். அன்று சாயந்திரம் நான் கீழே படியில் உட்கார்ந்திருந்தேன். சார் வழக்கத்துக்கு முன்னால் எழுந்து வெளியே வந்தார். சண்டை எதுவும் நடக்கவில்லை. அங்கே என்னத்தைப் பார்க்கிறாய் என்று அவர் கேட்டது என் காதில் விழுந்தது. நகர்ந்து போகிற ஒரு நட்சத்திரத்தைப் பார்க்கிறேன் என்று அக்கா சொன்னதும் கேட்டது. அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தன்னைக் கேலி செய்கிறாள் என்று அவர் நினைத்தார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

நாலைந்து நாளில் செவ்வாப்பேட்டையிலிருந்து அவளுடைய அண்ணன் வந்தார். தலை தீபாவளி வருகிறது, கொஞ்சம் முன்னாலேயே அழைத்துப் போகிறோம் என்றார்கள். தீபாவளிக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. எல்லோருக்கும் விஷயம் தெரியும், எல்லோரும் தலையை ஆட்டினார்கள். அன்று தூறல். அக்கா ஒயர் கூடையோடு படியிறங்கி வந்தாள். அவள் கண்ணாடியில் தண்ணீர்ப் புள்ளிகள். என் வாசலில் ஒரு நொடி நின்று, “கதவத் தட்டனது யாருன்னு படிச்சி வெய்யி, வந்து கேக்கறேன்” என்றாள். அண்ணன்காரர் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார்.

அவள் சொன்னது தொடர்கதையைப் பற்றி. கடைசியாக நாங்கள் படித்த வாரம், கப்பலின் வெளிக்கதவை யாரோ தட்டுவதோடு முடிந்திருந்தது. சுற்றிலும் ஒன்றுமே இல்லாத இருட்டு, அதில் தட்டும் சத்தம்.

ஆனால் நான் எதை வைத்துப் படிப்பது? இதழ் வாங்கக் காசு அக்கா கொடுப்பாள், அவள் இல்லை. அம்மாவிடம் கேட்டால் கையில் இன்னொரு கயிறு ஏறும். வியாழக்கிழமை வந்தால் பெட்டிக்கடை முன்னால் நின்று, தொங்கும் இதழின் அட்டையை மட்டும் பார்த்துவிட்டு நடப்பேன். கடைக்காரர் ஒருமுறை என்ன வேண்டும் என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்றேன். மழை பிடித்துக்கொண்டது. வீட்டில் ஈரத்துணி வாசனை, தம்பிக்குச் சளி, அம்மா எறா வதக்கும் புகை. சாயந்திரம் படியில் உட்கார்ந்து, மேலே யாராவது நடக்கிறார்களா என்று கேட்பேன். சாரின் செருப்புச் சத்தம் மட்டும் வரும். அவர் கதவைத் திறப்பார், மூடுவார், மறுபடி திறப்பார். நைனா ஒருநாள் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். அவர் வரவில்லை.

இப்போது கணக்குப் போட்டால் அவருக்கு இருபத்தேழு வயதுதான் இருக்கும். என் பையனைவிடச் சின்னவர். அன்றைக்கு எனக்கு அவர் ஒரு பெரிய ஆபீசராகத் தெரிந்தார்.

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு சாயந்திரம் சார் படியிறங்கி வந்து, நான் உட்கார்ந்திருந்த படிக்கு இரண்டு படி மேலே நின்றார். என்னை எழுந்திருக்கச் சொல்லத்தான் நிற்கிறார் என்று நான் ஒதுங்கினேன். அவர் போகவில்லை.

“பாப்பா, நேத்து மேல நின்னுக்கிட்டு இருந்தேன். மழை விட்டிருந்துச்சு. ஒண்ணு போச்சு. ஏரோப்ளேன் இல்ல, மின்னவும் இல்ல, சத்தமும் இல்ல. நேரா போச்சு.” கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டார், “அதுதானா?”

“அதான் சார்.”

அவர் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். வேலைக்குப் போட்டிருந்த பேன்ட் ஈரத்தில் நனைந்தது. அதை அவர் கவனிக்கவில்லை.

பிறகு அவர் சொன்னதெல்லாம் துண்டு துண்டாக வந்தது. தலை தீபாவளிக்கு மாமனார் வீட்டுக்குப் போக வேண்டும். போனால் முகத்தைப் பார்க்க வேண்டும். ஏதாவது எடுத்துக்கொண்டு போக வேண்டும். என்ன எடுப்பது என்று தெரியவில்லை. பட்டுப் புடவை எடுத்தால் வாங்கிக்கொள்வாள், ஆனால் பேச மாட்டாள். அவளுக்கு என்ன பிடிக்கும் என்று யோசித்துப் பார்த்தேன், எனக்கு ஒன்றுமே தெரியவில்லை என்றார். கல்யாணமாகி நாலு மாதம். அதில் பாதி நாள் நான் தூங்கிக்கொண்டு இருந்திருக்கிறேன் என்றார்.

அக்காவுக்கு ராக்கெட் கதை பிடிக்கும் என்றேன். அவர் முகம் தெளிந்தது. ராக்கெட் என்றால் பட்டாசுக் கடையில் பெரிய பெட்டியே கிடைக்குமே என்றார். அவர் கேலி பேசுகிற ஆள் இல்லை. நிஜமாகவே சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவரும் புரிந்துகொண்டு லேசாகச் சிரித்தார். அப்போதுதான் நான் கப்பலைப் பற்றிச் சொன்னேன், தூங்குகிறவர்களைப் பற்றிச் சொன்னேன், கதவு தட்டும் சத்தத்தைப் பற்றிச் சொன்னேன். அவள் படிக்காமல் விட்டுப்போன வாரங்கள்தான் அவளுக்கு வேண்டும் என்றேன். செவ்வாப்பேட்டை வீட்டில் அண்ணன் இருக்கிறவரைக்கும் அவள் கையில் அந்தப் பத்திரிகை கிடைத்திருக்காது என்பது எனக்கு நிச்சயம்.

ஞாயிற்றுக்கிழமை என்னைக் கடைத்தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போகட்டுமா என்று சார் கேட்டபோது, நைனா எழுந்து நின்று சரி என்றார். எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை அவருக்கு. சூப்பர்வைசரே எங்கள் வாசலுக்கு வந்து கேட்டது பெரிய விஷயம்.

பெட்டிக்கடையில் பழைய இதழ்கள் இல்லை, விற்காததைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த வாரத்துப் புதிய இதழ் ஒன்று கிடைத்தது. அங்கிருந்து தூறலில் நனைந்துகொண்டே சலூனுக்குப் போனோம். அங்கே பெஞ்சில் ஒரு கட்டு இருந்தது. வாடிக்கைக்காரர்கள் படிப்பதற்கு வைத்தது, தர முடியாது என்று சலூன்காரர் சொல்லிவிட்டார். சார் காலையில்தான் சவரம் செய்திருந்தார். நேராக நாற்காலியில் போய் உட்கார்ந்து, இன்னொரு தரம் செய்யச் சொன்னார். சலூன்காரர் அவர் கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். நான் கட்டைக் கலைத்துக்கொண்டிருந்தேன். முடியும் பவுடரும் ஒட்டிய பக்கங்களுக்கு நடுவே போன வாரத்து அத்தியாயம் இருந்தது. மீசையையும் கொஞ்சம் சரிசெய்துகொண்டு சார் எழுந்தபோது, சலூன்காரரே அதைக் கிழித்துக் கொடுத்தார்.

இன்னொரு வாரம், ரயில்வே கேட் பக்கத்துப் பழைய பேப்பர் கடையில். ஆள் உயரத்துக்குக் கட்டுகள், ஈரம் ஏறி எலி வாசனை. சார் பேன்ட்டை மடித்து விட்டுக்கொண்டு குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு கட்டாகப் பிரித்தார். ஆலையில் எல்லோரும் பயப்படும் மனிதர் அவர். அவர் கையில் கரப்பான் ஏறியது, உதறிவிட்டுத் தொடர்ந்தார். கிடைத்த பக்கத்தில் ஒரு நடிகையின் படத்துக்காக யாரோ பின்பக்கத்தைக் கத்தரித்திருந்தார்கள். நாலு வரி போயிருந்தது, பரவாயில்லை என்றோம்.

ஆக மூன்று வாரங்கள் கிடைத்தன. ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. கதவு தட்டிய வாரத்துக்கு அடுத்த வாரம். கிடைத்ததைப் புரட்டினால், ஒரு கிழவர் ஏற்கெனவே கப்பலுக்குள் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். அவரை யார் உள்ளே விட்டது, எப்படி விட்டாள், விடும்போது என்ன நினைத்தாள் என்பதெல்லாம் விட்டுப்போன வாரத்தில் இருந்தது. டீக்கடைகளில் கேட்டோம். கடலை விற்கிற அம்மாவின் பொட்டலத் தாள்களைக்கூடப் பார்த்தோம். இல்லை.

திரும்பி வரும்போது தண்டவாளத்தை ஒட்டிய மண்பாதையில் ஒரே குடையில் நடந்தோம். அந்த வாரத்தை நீங்களே சொல்லிவிடுங்கள் சார் என்றேன். தனக்குக் கதையெல்லாம் வராது என்றார். சரி, நான் சொல்கிறேன் என்று ஆரம்பித்தேன்.

கொஞ்ச நாளாக என்னிடம் யாரும் கதை கேட்டிருக்கவில்லை, அதனால் நீளமாகவே சொன்னேன். கப்பல்காரி மூன்று நாள் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். முதல் நாள் பிரமை என்று நினைத்தாள். இரண்டாம் நாள் தானும் உள்ளேயிருந்து தட்டிப் பார்த்தாள், வெளியேயிருந்து பதில் தட்டு வந்தது. மூன்றாம் நாள் தூங்குகிறவர்களின் பெட்டிகளுக்கு நடுவே போய் நின்றாள். எல்லோர் முகத்தையும் பார்த்தாள். களைத்துப் போய்த் தூங்குகிறார்கள், பாவம், தூங்கட்டும் என்று திரும்பி வந்து, தானே கதவைத் திறந்தாள்.

ஒரு கூட்ஸ் வண்டி போய் முடியும்வரை நின்றோம். அது போன பிறகு சார் கேட்டார்.

“அவ பயப்படலையா?”

“பயந்தா சார். ஆனா வேற யாரு இருக்கறாங்க?”

அவர் குடையை என் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

பக்கங்களைச் சாக்குத் தைக்கும் ஊசியால் அவரே தைத்தார். நான் ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். முதலில் ஒரு வெள்ளைத்தாளை வைத்துத் தைத்தார், விட்டுப்போன வாரத்துக்காக. அதில் ஒன்றும் எழுதவில்லை. நைனாவின் யோசனைப்படி ஒரு புடவையும் வாங்கிக்கொண்டு தீபாவளிக்கு முந்தின நாள் பஸ் ஏறினார். போகும்போது என் கையில் ஒரு பெட்டி ராக்கெட் பட்டாசைக் கொடுத்தார். எங்கள் தீபாவளி அன்று விடாத மழை. நைனாவும் நானும் வாசலில் ஒரு பாட்டிலை வைத்து ஒவ்வொன்றாக முயன்றோம். ஒன்றுதான் கிளம்பியது, அதுவும் ஹவுஸ் ஓனர் அம்மாவின் முருங்கை மரம் வரை.

நாலு நாள் கழித்து இருவரும் சேர்ந்து ஒரு சைக்கிள் ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார்கள். அக்கா புதுப்புடவையில் இருந்தாள். ஹவுஸ் ஓனர் அம்மா ஆரத்தி எடுத்தார். அவர்தான் எடுத்தார். ஜோடிப் பொருத்தத்தை வாய் ஓயாமல் புகழ்ந்தார். அம்மா என்னிடம் உள்ளே வந்து, செவ்வாப்பேட்டையில் யாரோ நல்ல மந்திரவாதியாகப் பார்த்திருக்கிறார்கள், முகமே தெளிந்திருக்கிறது என்றாள். இனி நீ மேலே போகலாம் என்றும் சொன்னாள்.

அன்று சாயந்திரம் நான் தலை வாரிக்கொண்டு படியில் போய் உட்கார்ந்தேன். கூப்பிடுவாள் என்று இருந்தேன். மேலே பாய் விரிக்கும் சத்தம் கேட்டது. அக்கா படிக்கும் குரல் கேட்டது, கிசுகிசுப்பாக இல்லை, வாய்விட்டே படித்தாள். நடுவில் சார் ஏதோ கேட்டார். இருவரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதே இல்லை. சாருக்கு அப்போது பகல் ஷிஃப்ட் மாற்றிக் கொடுத்திருந்தார்கள், அவர் கேட்டு வாங்கியது. இருட்டின பிறகு அம்மா சாப்பிடக் கூப்பிடும்வரை உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் கூப்பிட்டாள். நான் இரண்டிரண்டு படியாக ஏறினேன். தொட்டியின் பக்கத்தில் பாய், தட்டில் அதிரசம். சார் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அக்கா என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, தைத்த பக்கங்களை எடுத்துக் காட்டினாள். அவர் எப்படியெல்லாம் அலைந்து சேர்த்தார் என்று எனக்கே சொன்னாள். நானும் கூட இருந்தேன் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் சந்தோஷத்தில் அது மறந்துவிட்டது.

“அதெல்லாம் கூட வுடு. நடுவுல ஒரு வாரம் கெடைக்கல பாரு, அத அவரே சொன்னாரு. எங்க ஊட்டு மாடில ஒக்காந்துக்கினு. இவருக்குள்ள இப்படி ஒண்ணு இருக்கறது எனக்குத் தெரியவே இல்ல.”

நான் சாரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு பார்வையைத் தாழ்த்தி, பாயில் பிரிந்து நின்ற கோரை ஒன்றை விரலால் அழுத்தினார். அவர் வாயைத் திறக்கப் போகிறார் என்று எனக்குத் தோன்றியது. அதற்கு முன்னால் நான் கேட்டுவிட்டேன்.

“இன்னா கதெ அக்கா?”

அக்கா சொன்னாள். கப்பல்காரி முதல் நாள் பிரமை என்று நினைத்தாளாம். இரண்டாம் நாள் தானும் தட்டினாளாம். மூன்றாம் நாள் பெட்டிகளுக்கு நடுவே போய் நின்றாளாம். எல்லாம் நான் சொன்ன வரிசையில் வந்தது, நான் சொன்ன வார்த்தைகளேகூட வந்தன. அவள் வாயில் கேட்க நன்றாகவே இருந்தது. அதற்குப் பிறகு, அவள் ஒரு பெட்டியைத் திறந்து ஒருவனை எழுப்பினாளாம். எனக்கு ஏதோ சத்தம் கேட்கிறது, உனக்கும் கேட்கிறதா என்று சொல் என்றாளாம். அவன் எழுந்து வந்து காதை வைத்துக் கேட்டுவிட்டு, ஆமாம், எனக்கும் கேட்கிறது என்றானாம். இரண்டு பேருமாகக் கதவைத் திறந்தார்களாம்.

“அப்பறம் அடுத்த வாரத்துல அவன் எங்க போனான்னு கேட்டேன். மறுபடியும் போய்த் தூங்கிட்டான்னு சொல்றாரு” என்று அக்கா சிரித்தாள். சாரும் சிரித்தார். அவர் காது மடல் சிவந்திருந்தது.

நல்ல கதை அக்கா என்றேன். நல்ல கதைதான். என்னுடையதைவிட நல்ல கதை. அந்தக் கப்பல்காரி யாரையாவது எழுப்பலாம் என்று எனக்குத் தோன்றியே இருக்கவில்லை.

அந்த வாரத்து இதழைச் சாரே வாங்கிக்கொண்டு வந்திருந்தார். அக்கா அதைப் பிரித்துக்கொண்டு, பாயில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். வா, ஒக்காரு, படிக்கலாம் என்றாள். இரண்டு பேர் உட்காரும் பாய் அது. மூன்றாவது ஆள் உட்கார்ந்தால் ஒருவர் தரையில் இறங்க வேண்டும். சார் இறங்கத் தயாராகக் கையை ஊன்றினார்.

அம்மா கூப்புடுது என்று சொல்லிவிட்டு அதிரசத்தை எடுத்துக்கொண்டு கீழே வந்தேன். அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போயிருந்தாள். வீடு பூட்டியிருந்தது.